326 ஓட்டு: ஆர்.கே.புரத்தில் துடைப்பம் எங்கே தடுக்கியது

புதுக் கட்சி ஒன்று முதல் தடவையாகச் சட்டமன்றத் தேர்தலில் நிற்கிறது என்றால் நம் ஆட்கள் பேச்சு முழுக்கத் தலைவரைச் சுற்றித்தான் ஓடும். கூட்டம் சேருகிறதா, சேர்ந்த கூட்டம் ஓட்டாக மாறுமா, யார் ஓட்டைப் பிரிப்பார். ஊரிலிருந்து போன் பண்ணுகிற மச்சானும் இதையேதான் கேட்பார். நான் பதிலுக்கு ஒரு எண்ணைச் சொல்வேன். 326. 2013 டிசம்பர் 8ஆம் தேதி, டெல்லி ஆர்.கே.புரம் தொகுதியில், கட்சி தொடங்கி ஒரு வருஷமே ஆகியிருந்த, துடைப்பம் சின்னத்து ஆம் ஆத்மியின் வேட்பாளர் ஷாஜியா இல்மி, பா.ஜ.க.வின் அனில் சர்மாவிடம் தோற்ற வித்தியாசம் அது. அப்போது நான் மத்திய அரசு ஊழியன், அதே தொகுதியில் ஒரு செக்டரில் குவார்ட்டர்ஸ்வாசி. மலை மந்திர் முருகன் கோயிலுக்கும் தமிழ்ச் சங்கத்துக்கும் நடந்தே போய்விடலாம், அந்த தூரத்தில் வீடு. அந்த 326க்குள் எங்கள் வீட்டுப் பங்கும் கொஞ்சம் இருக்கிறது என்று இன்னும் நினைக்கிறேன், அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் பெரிய படம். 2011இல் ஜந்தர் மந்தரிலும் அப்புறம் ராம்லீலா மைதானத்திலும் அண்ணா ஹசாரே உண்ணாவிரதம் இருந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதிலிருந்து பிரிந்து வந்தவர்கள் 2012 நவம்பர் 26 அன்று கட்சி ஆரம்பித்தார்கள். மறு வருஷம் டிசம்பர் 4இல் ஓட்டுப்பதிவு. முடிவு: மொத்தம் 70 இடத்தில் பா.ஜ.க. 31, அதன் கூட்டாளி அகாலி தளம் 1, ஆம் ஆத்மி 28, காங்கிரஸ் 8, ஐக்கிய ஜனதா தளம் 1, சுயேச்சை 1. பெரும்பான்மைக்கு 36 வேண்டும், யாரிடமும் இல்லை. பதினைந்து வருஷம் முதல்வராக இருந்த காங்கிரசின் ஷீலா தீட்சித், புது டெல்லி தொகுதியில் அரவிந்த் கேஜ்ரிவாலிடம் 25,864 ஓட்டில் தோற்றார். அன்று சாயங்காலம் எங்கள் செக்டர் மார்க்கெட்டில் காய்கறிக்காரர் முதல் இஸ்திரி போடுகிறவர் வரை எல்லோரும் அரசியல் விமர்சகர்கள்.

இந்த 28 எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. 2008 தேர்தலில் காங்கிரசுக்கு 40 சதவீதம் சொச்சம், பா.ஜ.க.வுக்கு 36, பகுஜன் சமாஜுக்கு 14. 2013இல் காங்கிரஸ் 24.5 சதவீதத்தில் வந்து நின்றது, பகுஜன் சமாஜ் 5 சொச்சம், பா.ஜ.க. 33. இறங்கியதையெல்லாம் கூட்டிப் பாருங்கள், ஆம் ஆத்மி வாங்கிய 29.5 சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். வேடிக்கை என்னவென்றால் பா.ஜ.க.வுக்கு ஓட்டு சதவீதம் குறைந்து இடம் மட்டும் 23இலிருந்து 31 ஆனது. மூன்று பேர் போட்டி போட்டால் இப்படித்தான் கணக்கு கோணலாகும்.

மெழுகுவத்தி ஏந்திய படித்த நடுத்தர வர்க்கத்தின் கட்சி என்று தொலைக்காட்சியில் அப்போது திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ஆனால் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கிய 12 தனித் தொகுதிகளில் 9ஐ அந்தக் கட்சி ஜெயித்தது. மெழுகுவத்தியால் இது நடக்காது. கரண்ட் பில்லால் நடக்கும். 2002இல் மின் விநியோகம் தனியார் கைக்குப் போனது, 2011லும் 2012லும் கட்டணம் ஏறியது, ஏறிய பில்லைக் கையில் வைத்துக்கொண்டு ஜனங்கள் புலம்பிக்கொண்டிருந்த நேரம் பார்த்து 2013 மார்ச்சில் கேஜ்ரிவால் சுந்தர் நகரியில் பதினைந்து நாள் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். பில் பாதியாகும், வீட்டுக்குத் தினம் 700 லிட்டர் தண்ணீர் இலவசம் என்பது வாக்குறுதி. ஊழல், அதை விசாரிக்க லோக்பால் என்பதெல்லாம் ஜுக்கியில், அதாவது குடிசைப் பகுதியில் இருப்பவருக்குத் தூரத்து இடி முழக்கம், லாரி தண்ணீருக்குக் குடத்தோடு நிற்பது அன்றாடம். போதாததற்கு அந்த வருஷம் ஐப்பசியில் வெங்காயம் கிலோ நூறு ரூபாயைத் தொட்டது. ஆளும் கட்சிக்கு இதைவிட வேறு சனி வேண்டாம்.

நம் பக்கத்து அனுபவத்தோடு வைத்துப் பார்த்தால் இது எவ்வளவு அபூர்வம் என்று தெரியும். விஜயகாந்தின் தே.மு.தி.க. 2005 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி 2006இல் 232 தொகுதியில் நின்றது. எட்டு சதவீதத்துக்கு மேல் ஓட்டு, ஜெயித்தது விருத்தாசலம் ஒன்றுதான். சிரஞ்சீவியின் பிரஜா ராஜ்யம் 2009இல் 294க்கு 18. கமலின் மக்கள் நீதி மய்யம் 2021இல் பூஜ்யம், கோவை தெற்கில் அவரே 1,728 ஓட்டில் தோற்றார். முகம் தெரியாத குறை இவர்கள் யாருக்கும் இல்லை. ஓட்டு மாநிலம் முழுக்கத் தூறலாக விழுந்தது, எந்த வயலிலும் தேங்கவில்லை. டெல்லி அப்படியில்லை, மொத்தமே 1,483 சதுர கிலோமீட்டர். துவாரகாவில் இருக்கிற தொண்டன் காலையில் மெட்ரோ பிடித்து தில்ஷாத் கார்டனில் துண்டுப் பிரசுரம் கொடுத்துவிட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். தர்மபுரிக்காரர் தினம் நாகர்கோவில் போய் வர முடியுமா?

வேட்பாளர் பிடித்த விதமும் வேறு. தொகுதி வாக்காளர்கள் நூறு பேர் கையெழுத்தோடு யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம் என்றார்கள். 70 தொகுதிக்கும் தனித்தனித் தேர்தல் அறிக்கை. நன்கொடை 20 கோடி என்று இலக்கு வைத்து, அது சேர்ந்ததும் போதும் என்று நிறுத்தினார்கள். இவ்வளவு ஒழுங்காகச் செய்தவர்கள் ஆர்.கே.புரத்தில் எப்படி 326இல் தவறவிட்டார்கள்?

வழக்கமாகச் சொல்கிற காரணங்களை முதலில் முடித்துவிடுகிறேன். ஓட்டுப்பதிவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு ரகசியக் காணொளி வெளியானது, அதில் அந்தக் கட்சியின் சில வேட்பாளர்கள் இருந்தார்கள், ஷாஜியா இல்மியும் ஒருவர். காணொளியை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள் என்றது கட்சி. அவரோ போட்டியிலிருந்து விலகத் தயார் என்று அறிவித்தார், கட்சி வேண்டாம் என்றது. கொஞ்சம் சேதம் ஆகியிருக்கும். சிட்டிங் எம்.எல்.ஏ. காங்கிரசின் பர்கா சிங், அவருக்கென்று ஜுக்கிகளில் ஒரு பிடி இருந்தது. (அனில் சர்மாவை எதிர்த்த இந்த இரண்டு பேரும் பின்னால் அவர் கட்சியிலேயே போய்ச் சேர்ந்தார்கள், ஒருவர் 2015இல், இன்னொருவர் 2017இல். டெல்லி அரசியலில் எதையும் கல்லில் எழுதக் கூடாது.) பக்கத்து டெல்லி கண்டோன்மென்ட் தொகுதியை ஆம் ஆத்மி நானூறுக்கும் குறைந்த வித்தியாசத்தில் ஜெயித்தது, ஆக அதிர்ஷ்டம் இரண்டு பக்கமும் விளையாடியிருக்கிறது. இதெல்லாம் சரி. ஆனால் நான் பார்த்த விஷயம் வேறு, அதற்கு எங்கள் செக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஆர்.கே.புரம் தொகுதி ஒரே மாதிரியான ஊர் இல்லை. முனிர்கா கிராமம் இருக்கிறது, வசந்த் விஹார் பங்களாக்கள் இருக்கின்றன, ஜுக்கிகள் இருக்கின்றன, நடுவில் வரிசை வரிசையாக மஞ்சள் பூசிய அரசுக் குடியிருப்புகள். இந்தக் குடியிருப்புகளில் வீட்டுக்கு ஒருவராவது அரசு ஊழியர், இல்லையென்றால் அந்த வீடே கிடையாது. அரசு ஊழியர் ஓட்டுப் போடலாம், அதற்கு மேல் ஒரு அடி வைக்க முடியாது. 1964ஆம் வருஷத்து நடத்தை விதிகளில் 5ஆவது விதி, அரசியல் கட்சியில் சேராதே, பிரசாரம் செய்யாதே என்பதோடு நிற்பதில்லை. தேர்தல் சின்னத்தை உடம்பிலோ வண்டியிலோ வீட்டிலோ காட்டினால் அதுவே செல்வாக்கைப் பயன்படுத்தியதாகும் என்கிறது. இதை எங்கள் பிளாக்கில் ஒரு ரிட்டையர்ட் மாமா எடுத்துச் சொன்னபோது எல்லோரும் சிரித்தோம், ஏனென்றால் கட்சியின் சின்னம் துடைப்பம், எங்கள் அத்தனை பேர் வீட்டுக் கதவுக்குப் பின்னாலும் ஊரிலிருந்து ரயிலில் கொண்டுவந்த தென்னங்குச்சி விளக்குமாறு நின்றுகொண்டிருந்தது. என் மனைவி அன்றே அதைக் கொல்லைப் பக்கம் கொண்டுபோய் வைத்தாள், பாதி கேலி, பாதி பயம். விளக்குமாத்துக்குப் பட்டுக் குஞ்சமா என்று பழமொழியில் கேட்போமே, அந்த வருஷம் விளக்குமாறுக்கு நிஜமாகவே பட்டுக் குஞ்சம் கட்டித்தான் விட்டிருந்தார்கள்.

சின்னம் பற்றி இன்னொன்று. அங்கீகாரம் பெறாத கட்சிக்கு ஓட்டு மெஷினிலேயே இடம் கீழே. முதலில் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளின் வேட்பாளர்கள் அகர வரிசையில், அதற்கப்புறம் பதிவு மட்டும் செய்த கட்சிகள், கடைசியில் சுயேச்சைகள். வேட்பாளர் போட்டோ மெஷினில் வந்ததெல்லாம் 2015க்கு அப்புறம்தான். அன்றைக்குப் பெயரும் கறுப்பு வெள்ளைச் சின்னமும் மட்டும். சில தொகுதிகளில் சுயேச்சைகளுக்குக் கிடைத்த டார்ச் லைட் சின்னம், ஒளிக்கற்றையோடு வரைந்திருந்ததால் துடைப்பம் மாதிரியே தெரிகிறது என்று கட்சி புகார் சொன்னது. கண்ணாடி போட மறந்து வந்த பாட்டிக்கு இரண்டும் ஒன்றுதான். வேட்புமனுவிலும் இதே ஓரவஞ்சனைதான், பெரிய கட்சிக்காரருக்கு முன்மொழிய ஒருவர் போதும், புதுக் கட்சிக்குப் பத்துப் பேர். வாக்காளர் பட்டியல் அவர்களுக்கு இலவசம், இவர்கள் காசு கொடுத்து வாங்க வேண்டும். நட்சத்திரப் பேச்சாளர் அவர்களுக்கு நாற்பது, இவர்களுக்கு இருபது. ஜெயித்துக் காட்டினால்தான் அங்கீகாரம், அங்கீகாரம் இருந்தால்தான் ஜெயிக்க வசதி.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பூத் ஏஜென்ட்.

வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு அது வெட்டி வேலையாகத் தெரியும். வாக்குச்சாவடிக்குள் ஒரு பெஞ்சில் கட்சிக்கு ஒருவர் உட்கார்ந்திருப்பார், கையில் பட்டியல், ஒவ்வொரு பெயர் கூப்பிடும்போதும் ஒரு கோடு. ஆனால் அந்தக் கோட்டில்தான் எல்லாம் இருக்கிறது. மத்தியானம் இரண்டு மணிக்கு யார் இன்னும் வரவில்லை என்று அவருக்குத் தெரியும், இருநூறு மீட்டருக்கு அப்பால் கட்சி மேசையில் இருப்பவர்களுக்கு எப்படியோ அது போய்ச் சேரும், அங்கிருந்து ஒரு பையன் சைக்கிளில் போய் மூன்றாவது மாடிக் கதவைத் தட்டுவான். குவார்ட்டர்ஸில் மாற்றலாகிப் போனவர்கள் பெயர் வருஷக்கணக்கில் பட்டியலில் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பெயரில் வேறு யாராவது வந்தால், இவர் அவரில்லை என்று சொல்லி இரண்டு ரூபாய் கட்டிச் சவால் விடும் உரிமையும் ஏஜென்டுக்குத்தான். ஆளே இல்லாவிட்டால் யார் சவால் விடுவது?

அன்றைய விதிப்படி, ஏஜென்டாக உட்காருகிறவர் அதே வாக்குச்சாவடியின் வாக்காளராக இருக்க வேண்டும், அல்லது அக்கம்பக்கத்துச் சாவடியினுடையவராக. பல வருஷம் கழித்துத்தான் தொகுதிக்குள் யாராக இருந்தாலும் சரி என்று தளர்த்தினார்கள். அரசு ஊழியர் ஏஜென்டாக உட்கார்ந்தால் அது நடத்தை விதி மீறல் மட்டுமில்லை, மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 134ஏ பிரிவில் மூன்று மாதம் வரை சிறை போகக்கூடிய குற்றம். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். டெல்லி முழுக்க மெட்ரோவில் வந்து குவிந்த தொண்டர்களில் ஒருவர்கூட எங்கள் செக்டர் பூத்துக்குள் உட்கார முடியாது, அவர்கள் வாக்காளர்கள் இல்லை. உட்காரத் தகுதியான வாக்காளர்களில் பாதிப் பேர் அரசு ஊழியர்கள். மிச்சம் யார்? மனைவிமார்கள், ரிட்டையராகி மகனோடு இருக்கும் அப்பாக்கள், கல்லூரிப் பிள்ளைகள். பழைய கட்சிகளுக்கு முப்பது வருஷமாகப் பழகிய ஆட்கள் மார்க்கெட்டில் கடை போட்டிருந்தார்கள், ஒரு குரல் கொடுத்தால் போதும். புதுக் கட்சி கதவு கதவாகக் கெஞ்ச வேண்டியிருந்தது.

எங்கள் கதவுக்கும் வந்தார்கள். ஓட்டுப்பதிவுக்கு நாலு நாள் முன்னால், முனிர்காவில் அறை எடுத்துப் படிக்கிற ஒரு உத்தரப் பிரதேசப் பையன், தலையில் வெள்ளைக் குல்லாய், கையில் பட்டியல். "ஆன்ட்டி, உங்கள் பூத்துக்கு ஒரே ஒரு ஆள் வேண்டும்" என்று இந்தியில் கேட்டான். என் மனைவிக்கு ஆசைதான். டீ போடுகிற சாக்கில் என்னை உள்ளே கூப்பிட்டு, "என்னங்க, சும்மா பேரு பார்க்கிறதுதானே, நான் போய் உட்காரட்டுமா?" என்றாள். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ஆபீஸ்ல யார் காதுலயாவது விழுந்தா எனக்கு மெமோ வரும். பேசாம இரு." அவள் பேசாமல்தான் இருந்தாள், டீ டம்ளரை வைத்த சத்தம் மட்டும் கொஞ்சம் பலமாகக் கேட்டது. பையன் டீயைக் குடித்துவிட்டு எதிர் வீட்டுக் கதவைத் தட்டப் போனான். அங்கேயும் அதே பதில்தான் கிடைத்திருக்கும்.

அந்த விதி 5ஐ முழுசாகப் படித்தது தேர்தல் முடிந்த பிறகு. அது கட்டுவது ஊழியரை. குடும்பத்தாரைப் பற்றி அதில் இருப்பது, அரசைக் கவிழ்க்கிற மாதிரியான இயக்கத்தில் அவர்கள் சேர்ந்தால் தடுக்கப் பார்க்க வேண்டும் என்பதுதான். மனைவி ஒரு பதிவு பெற்ற கட்சிக்குப் பூத்தில் உட்காருவதற்கு அதில் தடையே கிடையாது. எனக்குத் தெரியாத விதிக்கு நான் பயந்திருக்கிறேன். எங்கள் செக்டரில் எத்தனை பேர் அப்படிப் பயந்தார்களோ.

ஓட்டுப்பதிவு அன்று நல்ல குளிர். வரிசை மத்தியானம் வரை சாதாரணமாக இருந்து, மூன்று மணிக்கு மேல் பெருத்துவிட்டது. ஐந்து மணிக்குக் கதவைச் சாத்தும்போது உள்ளே நிற்பவர்களுக்கெல்லாம் கையெழுத்துப் போட்ட சீட்டு கொடுத்தார்கள், வரிசையின் கடைசி ஆளிலிருந்து ஆரம்பித்து முன்னால் வருவதுதான் முறை, புதிதாக யாரும் பின்னால் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக. டெல்லி முழுக்க அன்று இதே கதைதான். 2008இல் 58 சதவீதத்தைத் தொடாத பதிவு அன்று 66 பக்கம் போனது. நானும் மனைவியும் நாலு மணிக்கே போட்டுவிட்டோம். உள்ளே ஏஜென்ட் பெஞ்சில் இரண்டு பேர்தான் உட்கார்ந்திருந்தார்கள், இரண்டு பேரும் எனக்கு மார்க்கெட்டில் தெரிந்த முகங்கள், இரண்டுமே பழைய கட்சிகள். எங்கள் பூத்தை மட்டும்தான் நான் பார்த்தேன். தொகுதி முழுக்க இப்படியென்று சொல்ல மாட்டேன்.

எங்கள் வீட்டில் இன்னொரு கோளாறும் நடந்தது. மகளுக்கு 18 ஆகிப் பல மாதம், படிவம் 6 கொடுத்திருந்தால் பட்டியலில் பெயர் வந்திருக்கும். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று நான் தள்ளிப்போட்டதில் அவள் ஓட்டு போச்சு. முடிவு வந்த அன்று தொலைக்காட்சியில் 326 என்று பார்த்ததும் அவள் என் பக்கம் திரும்பி, "325ன்னு வந்திருக்கும்பா" என்றாள்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, நானே சொல்லிவிடுகிறேன். புது டெல்லி தொகுதியும் அரசுக் குடியிருப்புகள் நிறைந்ததுதான், அங்கே இதே கட்சி 25,000க்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்ததே? உண்மை. அங்கே தலைவரே நின்றார், எதிரே முதல்வர், நாடே பார்த்துக்கொண்டிருந்தது. ஆயிரக்கணக்கில் ஜெயிக்கிற இடத்தில் பூத் ஏஜென்ட் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அலை வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விடும் இடம் அது. வாசலிலிருந்து பூத் வரைக்கும் உள்ள தூரம், தொகுதி நூறுகளில் தொங்கும்போதுதான் கணக்கில் வருகிறது. ஏஜென்ட் இல்லாததால்தான் தோற்றார்கள் என்று எண்ணி நிரூபிக்க என்னால் முடியாது. ஒரு பூத்துக்கு மூன்று ஓட்டு கூடுதலாகக் கொண்டுவந்திருந்தால் போதும், நூறுக்கு மேல் பூத் உள்ள தொகுதி அது, என்பது மட்டும் சாதாரணப் பெருக்கல்.

அதற்கப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரியும். காங்கிரசின் எட்டுப் பேர் வெளியிலிருந்து ஆதரவு கொடுக்க, டிசம்பர் 28 அன்று ராம்லீலா மைதானத்தில் பதவியேற்பு. லோக்பால் மசோதாவை அவையில் கொண்டுவர முடியாமல் 2014 பிப்ரவரி 14இல் ராஜினாமா. 49 நாள். மே மாத மக்களவைத் தேர்தலில் டெல்லியின் ஏழில் ஒன்றுகூட இல்லை. இத்தோடு முடிந்தது என்று எங்கள் பிளாக் மாமா தீர்ப்பே எழுதிவிட்டார். 2015 பிப்ரவரியில் 70க்கு 67. ஆர்.கே.புரத்திலும் அந்தத் தடவை துடைப்பம், வேட்பாளர் முனிர்காவைச் சேர்ந்த பர்மிளா டோகஸ். பத்து வருஷம் கழித்து 2025இல் கட்சி 22க்கு இறங்கியது, ஆர்.கே.புரத்தில் மறுபடி அனில் சர்மா. ஜங்புராவில் அக்கட்சியின் முன்னாள் துணை முதல்வர் மணீஷ் சிசோடியா 675 ஓட்டில் தோற்றார். பாராபுல்லா நாலாவை ஒட்டி நம் ஜனங்கள் தலைமுறையாக வாழ்ந்த மதராஸி கேம்ப் இருந்த தொகுதி அது. அந்த ஜூன் 1ஆம் தேதி நீதிமன்ற உத்தரவின்படி கேம்ப்பை இடித்தார்கள், 370 வீடுகளில் 189க்குத்தான் நரேலாவில் மாற்று வீட்டுக்குத் தகுதி என்றார்கள். அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

2015 பிப்ரவரி 7ஆம் தேதி, அந்தத் தேர்தலின் ஓட்டுப்பதிவு நாள் விடியற்காலை, நான் தூங்கி எழுவதற்குள் என் மனைவி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, டப்பாவில் எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ராத்திரி எட்டு மணிக்குத் திரும்பி வந்தவள் கையில் படிவம் 17சி நகல், எங்கள் பூத்தில் விழுந்த மொத்த ஓட்டு எத்தனை என்று அதிகாரி எழுதிக் கையெழுத்துப் போட்ட தாள். காலையில் மாதிரி ஓட்டு முடிந்து மெஷினை மூடி, பச்சைத் தாள் முத்திரை வைத்தபோது ஏஜென்டுகளும் அதில் கையெழுத்துப் போட்டார்களாம். இவள் எப்போதும் போடுகிற மாதிரி தமிழில் போட்டிருக்கிறாள். அதிகாரி மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இது என்ன எழுத்து என்று கேட்டாராம். "என் பேருதான் சார், எண்ணும்போது இதே கையெழுத்து இருக்கான்னு பார்க்கச் சொல்லுங்க" என்று இந்தியில் சொன்னேன் என்றாள், தட்டைக் கழுவிக்கொண்டே.